கையெழுத்துக்கு முன்னால் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

டெக்சாஸில் ஃபோர்ட் ஹுட் முகாமுக்கு மாற்றல். மனைவிக்கு வேலை ஆஸ்டினில். அங்கேயே வீடு பிடித்து, தினமும் முகாமுக்குப் போய்வர அனுமதி கேட்கலாமா என்று எழுதியிருந்தாய். சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்க ராணுவம் 2009இல் தொடங்கிய மாவ்னி திட்டம் தமிழ் தெரிந்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. அதன் வழியே வந்தவர்களுக்கும், பிறகு சேர்ந்த உன் போன்றவர்களுக்கும் இதையெல்லாம் சொல்லித்தர வீட்டில் பெரும்பாலும் ஆள் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

கேள். ஆனால், லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேள். எவ்வளவு தூரத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு ராணுவம் முழுமைக்கும் ஒரே கணக்கு கிடையாது. உன் யூனிட் என்ன எல்லை வைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். போய்ச் சேருமுன் உனக்கென்று ஒரு ஸ்பான்ஸரை நியமிப்பார்கள். அவரிடம் முதலில் இதை விசாரி. முகாமின் வீட்டுவசதி அலுவலகத்திலும் பேசிவிடு. வீட்டை எடுத்துவிட்டுப் போய் அனுமதி கேட்டால், கமாண்டருக்கு அது மனுவாகத் தெரியாது, நெருக்கடியாகத்தான் தெரியும்.

பிளாட்டூன் சார்ஜென்ட்டாக இருந்தபோது இத்தகைய மனுக்களைப் படித்திருக்கிறேன். மேலே இருப்பவர்களின் கவலை ஒன்றுதான்: நள்ளிரவில் கூப்பிட்டால் இவன் எத்தனை மணிக்கு வந்து நிற்பான்? ஆஸ்டினிலிருந்து முகாமை ஒட்டிய கில்லீனுக்கு ஏறக்குறைய 70 மைல். காலை 6:30 மணிக்கு பி.டி. எனும் உடற்பயிற்சி. மாலையில் ஐ-35 சாலையின் நெரிசல் தனிக்கதை. 24 மணி நேர டியூட்டி முடித்துத் தூக்கக் கண்ணோடு அந்தச் சாலையில் நீ வண்டி ஓட்டுவதை எந்த நல்ல சார்ஜென்ட்டும் விரும்பமாட்டார்.

அந்தக் கவலைக்குப் பதில் சொல்வதாக உன் மனு இருக்கட்டும். டிஏ 4187 படிவத்தோடு ஒரு பக்கக் கடிதம் போதும். வேலைநாள் ஒன்றில் விடியலுக்கு முன் நீயே அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்து, ஆன நேரத்தை அப்படியே எழுது. வண்டி பழுதானால் மாற்று என்ன, டியூட்டி முடிந்த காலையில் முகாமுக்கு அருகே யார் வீட்டில் தூங்குவாய் என்பதையும் சொல். மனைவியின் வேலைக் கடிதத்தை இணை. ஸ்குவாட் லீடரிடமிருந்து படிப்படியாக மேலே போகட்டும். யாரையும் தாண்டிப் போகாதே.

பணக்கணக்கையும் பார்த்துக்கொள். பிஏஎச் எனும் வீட்டுப்படி, நீ குடியிருக்கும் ஊரைப் பார்த்து வருவதில்லை. பணியிடத்தின் அஞ்சல் குறியீடு, உன் பதவி, குடும்பம் உண்டா என்பவற்றைப் பார்த்தே வரும். ஃபோர்ட் ஹுட் கணக்கில் வரும் தொகையைக் கொண்டு ஆஸ்டின் வாடகையைக் கட்ட வேண்டும். பெட்ரோல் செலவு தனி. மறுபடி மாற்றல் உத்தரவு வந்தாலோ, 90 நாளோ அதற்கு மேலோ பணிக்காக வெளியே அனுப்பினாலோ, படையினரைப் பாதுகாக்கும் எஸ்சிஆர்ஏ சட்டப்படி லீஸை முறிக்கலாம். வீட்டு உரிமையாளருக்கு முறையாக எழுதிக்கொடுத்து, உத்தரவின் நகலையும் இணைக்க வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, உன் மனைவியோடு உட்கார்ந்து பேசுவது. மாதக்கணக்கில் நீ வெளிநாட்டில் இருக்கும்போது அவருக்குத் துணை யார்? முகாம் மருத்துவமனையும் யூனிட்டின் மற்ற குடும்பங்களும் தூரத்தில் இருக்கும். வேலையும் நண்பர்களும் பக்கத்தில் இருக்கலாம். எது வேண்டும் என்பதை அவர் வாயால் கேள். இடையில் ஜார்ஜ்டவுன் போன்ற ஊர்கள் இருக்கின்றன. அங்கே குடியேறினால் பயணத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். கமாண்டருக்கும் சம்மதிப்பது எளிது.

மறுத்துவிட்டால் காரணத்தை மரியாதையாகக் கேட்டுக்கொள். சில மாதம் ஒரு நாளும் தாமதிக்காமல் வேலை செய்துவிட்டு மறுபடி கேள். கமாண்டரை நேரில் பார்த்துப் பேச ஓபன் டோர் வழியும் உனக்கு உண்டு. பக்கத்து ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு ஆஸ்டினில் குடியிருக்கும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஓர் அவசர அழைப்பில் அது வெளிப்பட்டுவிடும். பிறகு நீ சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கடிதத்தை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. கமாண்டர் கேட்கக்கூடிய கேள்விகளை ஓரத்தில் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்