கேட்டதும் கேட்காததும்: இது, உது, அது

கேள்வி: தமிழில் 'இது', 'அது' என்று இரண்டோடு பிழைக்கிறோம். ஸ்பானிஷ்காரர்களுக்கு எதற்கு மூன்று? – திண்டுக்கல் வாசகி

பதில்: என் பக்கம் இருந்தால் 'எஸ்தே', உங்கள் பக்கம் இருந்தால் 'எஸே', இருவருக்கும் எட்டாவிட்டால் 'அகேல்'. நம்மிடமும் 'உது' இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் இருக்கிறது, தொலைத்தது நாம்தான். லத்தீனில் 'இது'வுக்கு 'ஹிக்' என்று பெயர். முதலெழுத்து தேய்ந்து விக்கல் அளவுக்குச் சுருங்கியதும் ஆயுள் முடிந்தது. 'உது'வாக இருந்த 'இஸ்தே' முன்னால் வந்து 'எஸ்தே' ஆனது. காலியான நடு இடத்தில், 'நானேதான்' என்று மார்தட்டிக்கொண்டிருந்த 'இப்ஸே' உட்கார்ந்து 'எஸே' ஆயிற்று. இலக்கண ஆசிரியர் யாரையும் கேட்கவில்லை.

கேள்வி: சில புத்தகங்களில் 'எஸ்தே' தலையில் ஒரு கோடு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அச்சுப்பிழையா? – கோவை வாசகர்

பதில்: அச்சுப்பிழை இல்லை, அகாடமி! 1713-ல் தொடங்கிய ஸ்பானிய அரச அகாடமியின் முழக்கம்: 'சுத்தமாக்கும், நிலைநிறுத்தும், பொலிவூட்டும்'. பாத்திரம் விளக்கும் பொடிக்கு எழுதியதுபோல் இருக்கும். 'இந்த வீடு' என்றால் கோடு கூடாது, வெறும் 'இது' என்றால் போடு என்பது பழைய விதி. உச்சரிப்பில் இம்மியும் வித்தியாசம் கிடையாது. குழப்பம் வந்தால் போட்டால் போதும் என்று 1959-ல் இறங்கி வந்தார்கள். என்ன குழப்பம்? 'வெந்தியேரோன் அகேயாஸ் காஸாஸ் வியெஹாஸ்.' கோடு இல்லையென்றால், யாரோ அந்தப் பழைய வீடுகளை விற்றார்கள். 'அகேல்' என்பதன் பெண்பால் பன்மையான 'அகேயாஸ்' மேல் கோடு போட்டால், அந்தப் பெண்கள் பழைய வீடுகளை விற்றார்கள். ஒரு கீற்று மையில் பெண்கள் பிறக்கிறார்கள்! 2010-ல் அதுவும் வேண்டாம் என்றார்கள். 'மட்டும்' என்றும் 'தனியாக' என்றும் பொருள்படும் 'சோலோ' என்ற சொல்லின் கோட்டையும் சேர்த்து அழித்ததும் எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாவலாசிரியர் பெரெஸ்-ரெவெர்தே அகாடமி உறுப்பினராக இருந்துகொண்டே கோட்டின் பக்கம் நின்றார். 2023-ல் 'சோலோ' விஷயத்தில், குழப்பம் வரும் என்று எழுதுபவருக்குத் தோன்றினால் போட்டுக்கொள்ளலாம் என்றானது. இதைச் சொல்ல ஓர் அகாடமி!

கேள்வி: ஒரு ராஜாவுக்கு 'ஸ' வராததால்தான் ஸ்பெயினில் நாக்கைப் பல்லிடையே நீட்டிப் பேசுகிறார்களாமே? – திருச்சி வாசகர்

பதில்: புளுகு. அப்படியானால் எல்லா 'ஸ'வும் போயிருக்க வேண்டும். மாட்ரிட்காரர் 'எஸே' என்றால் 'ஸ' கணீரென்று கேட்கிறது. பழி சுமக்கும் பெத்ரோ மன்னர் 14-ஆம் நூற்றாண்டு ஆசாமி. அந்த ஒலி பரவியது சுமார் இருநூறு ஆண்டு கழித்து. செத்த ராஜாவைக் காக்கா பிடிக்க அவ்வளவு காலம் எவன் காத்திருப்பான்?

கேள்வி: ஸ்பானிஷை எங்கிருந்து தொடங்கலாம்? – அதே திருச்சி வாசகர்

பதில்: மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அடுத்த சொல் சிக்காதவர்கள் 'எஸ்தேஏஏ...' என்று இழுப்பார்கள், நம் 'வந்து...' மாதிரி. முதலில் அதைப் பழகுங்கள். ஆண்பால் பெண்பால் கிடையாது, ஒருமை பன்மை கிடையாது, கோடும் கிடையாது.