சோதனை செய்யப் பிடிக்காத வீட்டில் அறிவியல்

பலூன், வினிகர், சோடா உப்பு, கலர் பொடி என்று பட்டியலைப் பார்த்ததுமே பல பெற்றோருக்குச் சலிப்பு வந்துவிடும். அடுக்களையை யார் கழுவுவது? புத்தகத்தில் போட்டபடி வராவிட்டால் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை அறிவியல் பாடத்தில் பெரும்பகுதி செடி, விலங்கு, உடல், வானம், நீர், காற்று. இவற்றுக்கு உற்றுப் பார்க்கும் பழக்கமும், பார்த்ததை எழுதிவைக்க ஒரு நோட்டும் இருந்தால் வெகுதூரம் போகலாம். நட்சத்திரத்தை யாரும் மேசைமேல் வைத்துச் சோதித்ததில்லை. ஆனாலும் வானியல் வளர்ந்தது.

எந்த வழி உங்களுக்குச் சரிப்படும் என்பது, சோதனையில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்பதைப் பொறுத்தது.

வீடு அலங்கோலமாவதுதான் தொல்லை என்றால், கவனித்தலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால், இலைமேல் பறவை எச்சம்போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கும். பறவையின் கண்ணுக்குத் தப்பத்தான் அந்த வேஷம். தோலுரித்து வளர்ந்து, சில நாளில் பச்சையாகிவிடும். அப்போது ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்று எட்டிப் பார்க்கும். கூடவே ஒரு நெடி. நிறம் ஏன் மாறியது, பக்கத்துச் செம்பருத்தியில் இந்தப் புழு ஏன் இல்லை, கொம்பு எதற்கு என்று பிள்ளை கேட்கும் கேள்விகளே ஒரு வாரப் பாடத்துக்குக் காணும். தேதி போட்டு தினமும் வரையச் சொல்லுங்கள். கூட்டுப்புழுவாகிப் பூச்சி வெளிவரும்வரை நோட்டு தானாக நிரம்பும்.

செடி இல்லாத அடுக்குமாடி வீட்டில் நிலா இருக்கிறது. அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தி உதிப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மொட்டைமாடியில் நிமிர்த்தி வைத்த தண்ணீர் பாட்டிலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். தெற்கே போகப் போக ஏப்ரலில் இது முன்னதாகவும் ஆகஸ்டில் பிந்தியும் நடக்கும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். காகமும் மைனாவும் கணக்கில் சேரும்.

நேரமே இல்லை என்பவர்களுக்குச் சமையல்வேலையோடு சேர்ந்த பேச்சு போதும். இட்லி மாவு இரவோடிரவாகப் பொங்குவது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் வெளிவிடும் கரியமில வாயுவால். மார்கழியில் ஏன் பொங்க மாட்டேன் என்கிறது? உறை ஊற்றிய பாலும் அப்போது ஏன் தாமதிக்கிறது? பாதி மாவை அடுப்புப் பக்கம் வைத்துப் பார்க்கலாமா என்று பிள்ளை கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அதற்குமேல் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

பதில் தெரியாதே என்ற தயக்கம் உள்ளவர்களுக்குப் புத்தகம்தான் துணை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் ‘துளிர்’ மாத இதழ், நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள், அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பவை என்று தமிழிலேயே படிக்க நிறைய இருக்கிறது. புத்தகத்திலுள்ள குறை, கேள்வி எழும் முன்பே பதிலை நீட்டிவிடுவது. அதனால் புழுவைப் பார்த்த பிறகு புழுவைப் பற்றி வாசிக்கலாம், முந்தி வேண்டாம்.

வீடியோவை, நேரில் பார்க்க வழியில்லாதவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எரிமலை, ஆழ்கடல், துடிக்கும் இதயம். யாரோ சோதனை செய்வதைக் காட்டும் வீடியோ என்றால் முடிவுக்குச் சற்று முன்பு நிறுத்தி, ‘என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். தவறிப்போன முயற்சிகளை வெட்டிவிட்டு இரண்டே நிமிடத்தில் விடை காட்டும் படத்தைச் சும்மா பார்ப்பதில் பிள்ளைக்குக் கிடைப்பது குறைவு.

சயின்ஸ் கிட் வாங்கவே வேண்டாம். சோடா உப்பும் வினிகரும் நுரைக்கும் அந்த ‘எரிமலை’யால் எரிமலை எப்படி வெடிக்கிறது என்று தெரியவராது. நிஜத்தில் பாறைக்குழம்பை மேலே தள்ளுவது ஆழத்திலுள்ள அழுத்தமும் அதில் கரைந்திருந்து பிரியும் வாயுக்களும்தான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கலாம். மிச்சத்தில் சென்னைவாசிகள் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் கையால் தொட்டால்தான் புரியும் என்று சில உண்டு: காந்தம், மிதப்பதும் மூழ்குவதும், மின்சுற்று. அங்கே நீங்கள் சோதனை நடத்த வேண்டாம்; பொருளைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். குளிக்கும் நேரத்தில் வாளித் தண்ணீரும் நாலைந்து சாமானும். ஞாயிறு மதியம் ஒரு டார்ச் செல், டார்ச் பல்பு, இரண்டு துண்டு ஒயர். பல்பு எரிய அரைமணி ஆனாலும் ஆகட்டும், நடுவில் போய்க் காட்டித் தராதீர்கள். பல்பு இல்லாமல் செல்லின் இரு முனையையும் ஒயரால் நேராக இணைத்தால் சூடாகிக் கையைச் சுடும் என்பதையும், சுவர் பிளக் பக்கம் போகவே கூடாது என்பதையும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.