உடல் இல்லை, வளை உண்டு

ஊவாத் தோட்டங்களில் மண்ணின் அமிலத்தன்மை குறைய டொலமைட் தூள் தூவுவார்கள். அது ஆதியில் கடலடிப் படிவு என்று வாசித்ததும், பதுளைப் பக்கத்துச் சலவைக்கல்லில் சிப்பி தேடினேன். கிடைக்கவில்லை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்து வெப்பமும் அழுத்தமும் எங்கள் பாறைகளை உருமாற்றிவிட்டன.

இங்கிலாந்தின் டோவர் கரையிலுள்ள வெண்சுண்ணப் பாறை அப்படி உருமாறவில்லை. அது கிரேத்தேசியசுக் காலக் கடலில் நுண்ணிய பாசிகளின் ஓட்டுத் துகள்கள் படிந்து உண்டானது. அந்தச் சேறு இறுகுமுன் இறாலை ஒத்த பிராணிகள் அதில் கிளைகிளையாக வளை தோண்டின. ‘தலசினோயிடெஸ்’ என்பது அவ்வளைகளின் பெயர். கடற்பஞ்சுகளிலிருந்து கரைந்த சிலிக்கா பல வளைகளில் தீக்கல்லாக உறைந்தது. தோண்டிய பிராணியின் உடலோ பெரும்பாலும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டு அரியலூர்ப் பகுதியின் கிரேத்தேசியசுப் படிவுகளிலும் இத்தகைய வளைச்சுவடுகள் உண்டு.

உடலில்லாத வளையால் என்ன பயன்? இறந்த பிராணியின் ஓட்டை அலை வேறிடம் கொண்டுபோகலாம். வளையைக் கொண்டுபோக முடியாது. ‘இவ்வுயிர் இங்கேயே வாழ்ந்தது’ என்பதற்கு வளையே உறுதியான சான்று.

இதை வாசித்தபோது லயத்தில் வாழும் என் தோழியை நினைத்தேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோரின் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, தோட்டத்து மக்கள் பலரிடம் பத்திரம் இருக்கவில்லை. ஆனால் அவர்களின் முன்னோர் மலைச்சரிவில் வெட்டிய கான்களில் இன்றும் மழைநீர் ஓடுகிறது. அதைவிடச் சான்று வேண்டுமா?