மயக்கந் தரும் ஆங்கிலச் சொற்கள்: கடலோரத்தார்க்கு ஒரு பாடம்

ஆங்கிலச் சொற்களுள் ஒன்றையொன்று ஒத்து மாணாக்கரை மயக்குவன பல. பரீட்சையில் அவ்வாறு மயங்கினால் சில புள்ளிகளே குறையும். ஆயின், சில சொற்களைப் பிழைபட உணர்வதால் உயிருக்கே கேடு நேரவுங் கூடும். திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை எனக் கடலையண்டிய ஊர்களில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய அத்தகைய சொற்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

முதலாவன ‘டைடல் வேவ்’, ‘சுனாமி’ என்பன. ‘டைட்’ என்பது சந்திர சூரியரின் ஈர்ப்பினால் நாடோறும் நிகழும் வற்றுப்பெருக்கு. சுனாமியோ பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் எழுவது. யப்பானிய மொழியிற் ‘சு’ துறைமுகத்தையும், ‘நாமி’ அலையையும் குறிக்கும். இவ்விரண்டற்கும் தொடர்பில்லையாயினும், ஆங்கில நூல்கள் பல நெடுங்காலம் சுனாமியை ‘டைடல் வேவ்’ என்றே வழங்கின. வற்றுப்பெருக்கின் நேரத்தை முன்னரே கணிக்கலாம். சுனாமி வரும் நாளை அங்ஙனம் கணித்தல் இயலாது. மேலும், ‘வேவ்’ என்னும் ஒருமைச் சொல் ஓர் அலையோடு அனைத்தும் முடிந்துவிடும் என எண்ணச் செய்யும். உண்மையில் சுனாமி ஓர் அலைத்தொடர். பின்வரும் அலை முதலலையினும் பெரிதாகலாம். ஆதலின் முதலலை வடிந்ததும் பொருளெடுக்கத் திரும்புதல் பேராபத்தாகும்.

அடுத்தன ‘வாட்ச்’, ‘அலேர்ட்’, ‘வோர்ணிங்’ என்பன. தமிழில் இம்மூன்றையும் ‘எச்சரிக்கை’ என்றே கூறிவிடுகின்றோம். ஐதராபாத்திலுள்ள இந்திய சுனாமி நிலையம் இவற்றைப் படிநிலையாக வழங்குகின்றது. ‘வாட்ச்’ எனின் விழிப்புடன் அடுத்த அறிவித்தலை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். ‘அலேர்ட்’ எனின் கடற்கரையையும் தாழ்ந்த கரைநிலத்தையும் விட்டு விலகுதல் வேண்டும். ‘வோர்ணிங்’ எனின் தாமதியாது மேட்டு நிலத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவான நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, ஹவாயிலுள்ள பசிபிக் நிலையம் இந்து சமுத்திரம் முழுவதற்கும் ‘வாட்ச்’ வெளியிட்டது. இலங்கையிற் கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர். கடலடிப் பாறைத்தட்டுகள் பக்கவாட்டிலேயே பெரிதும் நகர்ந்தமையாற் பேரலை எழவில்லை. எனினும் வெளியேறியது வீண்செயல் அன்று. ‘வாட்ச்’ என்பது ‘வரக்கூடும்’ என்பதேயன்றி ‘வராது’ என்பதன்று.

மூன்றாவன ‘வேக்கேட்’, ‘இவாக்குவேட்’ என்பன. வாடகை வீட்டையோ பதவியையோ விட்டு நீங்குதல் ‘வேக்கேட்’. அதனை ஆறுதலாகப் பொருள்களை ஒழுங்கு செய்தபின்னும் செய்யலாம். ஆபத்துள்ள இடத்தைவிட்டு உயிர் காக்கும்பொருட்டு வெளியேறுதல், அல்லது பிறரை வெளியேற்றுதல் ‘இவாக்குவேட்’. ‘இவாக்குவேட்’ என்ற ஆணை வந்தபின் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர் அதனை ‘வேக்கேட்’ என விளங்கியவராவர்.

இவ்வேற்றுமைகளின் பெறுமதியை 2004 திசெம்பர் 26ஆந் திகதி உணர்த்திற்று. அன்று காலை ஏழு மணியளவிற் சுமாத்திராக் கரையோரம் நில நடுக்கம் நேர்ந்தது. அலைகள் நம் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஓடித் தப்புதற்கு அக்காலம் போதியதாயிருந்தும், இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை முறை அன்று இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாட்டைக் கடல் அறியவில்லை.

இன்று அம்முறை உண்டு. ஆயினும், நாடுகளிடையே பரிமாறப்படும் அறிவித்தல்கள் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. கைத்தொலைபேசியில் அவை முதலில் அம்மொழியிலேயே நம்மை எட்டவுங் கூடும். ஆகவே, இச்சொற்களைக் கற்ற மாணாக்கர் வீட்டிலுள்ள முதியோர்க்கும், தோணித்துறையில் வலை காயவைப்போர்க்கும் அவற்றின் பொருளைத் தமிழில் விளக்கி வைப்பாராக. கல்வியாற் பிறர்க்கு விளையும் பயன்களுள் இதுவும் ஒன்றாம்.