தேயிலை வண்டும் அதன் பங்கசுத் தோட்டமும்

தாவரவியல் கற்போர் செடியையும் விலங்கியல் கற்போர் பூச்சியையும் ஆராய்வதே முறையென நாம் கொண்டுள்ளோம். வகுப்பறைக்கு இப்பிரிவு வசதியானதே. இயற்கையோ இப்பிரிவினை அறியாது. இதற்குச் சான்று தேடித் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. தெமோதரையைச் சூழ்ந்த தேயிலை மலைகளே போதும்.

ஊவாவின் நடுத்தர உயரத் தோட்டங்களில், தேயிலைக் கிளைகளிலே குண்டூசி முனையளவான துளைகள் காணப்படுவதுண்டு. ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நீளமுள்ள கருநிற வண்டின் வேலை அது. தோட்டத்துரைமார் அதனை ‘ஷொட் ஹோல் போரர்’ என்பர். துளைபட்ட கிளை, கொழுந்தெடுப்போர் உடல் உராய்ந்தாலே முறிந்துவிடும். கவ்வாத்தின் பின் பட்டும் போகும். கிளை குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நிறையை நம்பியிருக்கும் குடும்பத்தின் வருவாய் குறையும்.

இவ்வண்டு மரத்தை உண்பதில்லை என்பதே வியப்பு. பெண் வண்டு தன் வாயருகே உள்ள நுண்பையிற் பங்கசு வித்துக்களைச் சுமந்து சென்று, தான் குடைந்த சுரங்கத்தில் விதைக்கின்றது. அங்கு வளரும் பங்கசே தாய்க்கும் குடம்பிக்கும் உணவு. ஆண் வண்டு பறக்கமாட்டாது. உடன்பிறந்த பெண்களுடன் சுரங்கத்துள்ளேயே கூடும். ஆதலின் ஒரு பெண் வண்டே புதியதொரு குடியை நிறுவ வல்லது.

1925இல் நிறுவப்பெற்ற இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இதனை ஆராய்ந்தவர்களுள் சி. எச். கட் என்பார் குறிப்பிடத்தக்கவர். அவர் பங்கசியலார், பூச்சியியலார் அல்லர். எனினும் வண்டின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து, 1947இல் லூஸ் என்பாருடன் அதன் உணவுப் பங்கசை விவரித்துப் பெயரிட்டார். பங்கசை அறியாது வண்டினை அறிதல் இயலாது என்பதே அவ்வாராய்ச்சி தரும் பாடம்.

தொடர்பினை மறந்தால் நேரும் தீங்கிற்கும் உதாரணம் உண்டு. தேயிலையைத் தாக்கும் இலைசுருட்டிப் புழுவை அடக்க, 1935–36இல் யாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொணரப்பட்டது. அது தன் கடமையைச் செவ்வனே செய்தது. பின்னர், துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் தெளித்தபோது, அக்குளவியின் காவல் குலைந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. ஒரு பகையை அழிக்கப்போய் ஒரு நட்பை இழந்தோம்.

இன்று மூலக்கூற்று உயிரியல் இவ்வாராய்ச்சியை மேலும் நுணுக்கியுள்ளது. 1868இல் இலங்கை மாதிரிகொண்டு பெயரிடப்பட்ட இவ்வண்டு ஒரே இனமென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கண்ணுக்கு வேறுபாடு புலப்படாத அவ்வண்டுகளின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டும் உடலளவுகளை நுணுகி அளந்தும், அவை நான்கு இனங்களென 2019இல் ஆய்வாளர் வகுத்தனர். அவற்றுள் ஒன்றே கலிபோர்னியாவில் அவக்காடோ மரங்களையும், தென்னாபிரிக்காவில் நிழல் மரங்களையும் தாக்குவது. இனம் எதுவெனத் தெளிந்த பின்னரே அதன் இயற்கைப் பகைவரைத் தாயகத்திலே தேடுதல் கூடும்.

ஆதலின் மாணவர்களே, செடியைக் கற்கும்போது அதிலமர்ந்த பூச்சியையும், பூச்சியைக் கற்கும்போது அது சுமக்கும் பங்கசையும் நோக்குக. பிறர் பல்கலைக்கழகத்திற் படமாகக் காண்பதை நீவிர் லயத்தின் வாயிலிலேயே காண்கின்றீர். ஒரு கைவில்லையும் ஒரு குறிப்பேடும் தொடக்கத்திற்குப் போதுமானவை.