பூனையை மலையிறக்கும் முன்

எங்கள் பச்சைமலையில் சாமையும் தினையும் எலிக்குத் தப்ப வேண்டுமென்றால் வீட்டில் பூனை இருக்க வேண்டும். தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அதைத் துறையூருக்கோ திருச்சிக்கோ இறக்கியாக வேண்டும். "எதில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது?" என்று புதிதாகப் பூனை வளர்க்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். முப்பது வருஷம் பூனைகளோடு இருந்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சாக்கு வேண்டவே வேண்டாம். என் முதல் பூனை கருப்பியைச் சாக்கில் கட்டித்தான் டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்து சோபனபுரத்துக்கு இறக்கினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாக்கு என் மடியில் உருண்டது. அவிழ்த்துப் பார்த்தால், முன்னங்கால் நகம் ஒன்று சணல் இழையில் மாட்டிப் பிய்ந்து, பாதமெல்லாம் ரத்தம். நாய் மாதிரி வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தாள். பூனை அப்படி இளைத்தால் சூடு தாங்கவில்லை, இல்லையென்றால் பயம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். அன்று எனக்கு அது தெரியாது. நம் பக்கம் பூனையைச் சாக்கில் கட்டுவது கண்காணாத இடத்தில் விட்டுவரத்தான். வளர்க்கிற உயிருக்கு அதைச் செய்யாதீர்கள்.

2. ஒயர் கூடையும் அட்டைப்பெட்டியும் ஆகாது. அட்டை மூத்திரத்தில் நனைந்தால் அடி விட்டுவிடும்.

3. கெட்டியான பிளாஸ்டிக் கேரியர் வாங்குங்கள். மேல்பாதி தனியே கழல வேண்டும். முன்கதவு மட்டும் உள்ளதில், பயந்த பூனையை மருத்துவர் முன் இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். மேல்பாதியைக் கழற்றிவிட்டால் அது அடிப்பாதியில் படுத்தபடியே ஊசி போட்டுக்கொள்ளும். கடையிலேயே இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். கைப்பிடி மேல்பாதியில்தான் இருக்கிறது. பூனையின் எடை முழுக்கப் பக்கத்துக் கிளிப்புகளில் தொங்கும். ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும் வாங்காதீர்கள்.

4. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். கேரியர் அந்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். உள்ளே அது நிற்கவும், திரும்பவும், படுக்கவும் முடிய வேண்டும். குட்டிக்கு வாங்கினாலும் வளர்ந்தால் 3 முதல் 5 கிலோ வரும் என்பதை நினைவில் வையுங்கள். ரொம்பப் பெரிதாக இருந்தால் வளைவுகளில் சறுக்கி மோதிக்கொள்ளும். இரண்டு பூனைக்கு இரண்டு கேரியர்.

5. கண்ணாடிக் குமிழ் வைத்த முதுகுப்பை பார்க்க அழகுதான். வெயிலில் அந்தக் குமிழ் அடுப்பு. மலையில் காற்று குளிர்ந்திருக்கும். சித்திரை வெயிலில் திருச்சியில் இறங்கினால் 40 டிகிரி கொதிக்கும். பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். பல பக்கமும் காற்றுத்துளை உள்ளதாகப் பாருங்கள். விடியற்காலை வண்டியிலேயே கிளம்புங்கள். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிஷம்கூட விட்டுப் போகாதீர்கள்.

6. அடியில் நீங்கள் உடுத்திய பழைய புடவையை விரியுங்கள். உங்கள் வாசனை அதற்குத் தெம்பு. மேலே மெல்லிய துண்டு போர்த்தி, கதவுப் பக்கத்தை மட்டும் மறைக்காமல் விடுங்கள். கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். பஸ்ஸில் என்ஜின் பக்கத்துச் சூட்டில் வைக்காமல் மடியில் வையுங்கள். காரில் முன் சீட்டுக்குப் பின்னால், தரையில் இறுக்கமாக வையுங்கள். டூவீலர் ஹேண்டிலில் மாட்டக் கூடாது.

7. கழுவ சோப்புத் தண்ணீர் போதும். பினாயில் பூனைக்கு விஷம். பாதத்தில் பட்டதை நக்கி விழுங்கிவிடும்.

8. ரயில் என்றால் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். பூனையைத் தனியாகப் பார்சல் பெட்டியில் ஏற்ற வேண்டும் என்றால், பயணத்தையே மாற்றிக்கொள்ளுங்கள்.

9. ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று மட்டும் கேரியரைப் பரணிலிருந்து இறக்கினால், அதைக் கண்டதுமே பூனை கட்டிலுக்கடியில் ஓடும். கருப்பிக்குப் பிறகு வந்தவள் கேரியருக்குள்தான் மத்தியானம் தூங்குவாள். அவளைத் தூக்கி அடைக்க வேண்டிய வேலையே இல்லை, கதவைச் சாத்தினால் போதும். அப்படிப் பழக இரண்டு மூன்று வாரம் பிடித்தது. தடுப்பூசி அடுத்த மாதம்தானே என்று இருக்காதீர்கள். இன்று ராத்திரியே கேரியரை இறக்கி, கதவைத் திறந்து, உள்ளே ஒரு துண்டு கருவாடு வையுங்கள்.