சமணர் மலைப் பக்கம் வீடு கட்டலாமா?

கீழக்குயில்குடியில், சமணர் மலைக்குப் பக்கத்தில் 5 சென்ட் மனை வாங்கியிருக்கிறேன். "தொல்லியல் துறை கட்ட விடாது" என்று பக்கத்து மனைக்காரர் பயமுறுத்துகிறார். போட்ட பணம் போச்சா?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பயத்தை விடுங்கள், டேப்பை எடுங்கள். மலையின் சமணச் சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2010-இல் திருத்திய சட்டப்படி, அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புது வீடு கிடையாது. யார் சிபாரிசும் செல்லாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். அதையும் தாண்டினால் வழக்கமான பிளான் அப்ரூவல்தான்.

பலர் சறுக்குவது அளப்பதில். மலையின் செட்டிப்புடவுக் குகையில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரிடமிருந்து அளக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். மனை அந்த 200 மீட்டருக்குள் வந்தால், தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வரும்வரை கொத்தனாருக்கு அட்வான்ஸ் வேண்டாம். மீறிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இன்னொன்று. வானம் தோண்டும்போது கறுப்பு-சிவப்புப் பானை விளிம்போ தாழியோ தட்டுப்பட்டால் கடப்பாரையை நிறுத்துங்கள். கீழடியில் அத்தனையும் தென்னந்தோப்புக்கு அடியில்தான் கிடந்தன! 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அது இன்றும் அமலில் இருக்கிறது.

முதலில் சர்வேயரைப் பாருங்கள், வாஸ்துக்காரர் அப்புறம்.